வயிற்றைப் பார்த்த காசு

எங்கள் அத்தான் வெர்னன் இரிபார்னேயைப் பற்றிச் சொல்வதென்றால் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வயிறு வரும், பிறகுதான் அவர் வருவார். அந்த வயிற்றுக்கும் ஒரு அடி முன்னால், பெல்ட் பக்கிளில் பதித்த பெரிய தங்கக் காசு ஒன்று மினுக்கிக்கொண்டு வரும். எங்கள் ஊரான கார்சன் சிட்டியில் அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு. அந்தக் காசு தெரியாதவர்கள் கிடையாது.

என் அக்கா கிராசியானா அவரைக் கட்டிக்கொண்ட காலத்தில் அந்த பெல்ட்டில் ஓட்டைகள் மிச்சம் இருந்தன. நான் மைத்தே, சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். அத்தான் உடம்பில் பாதி என் கைச் சமையல் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு வாயில்லை. ஆனாலும் பேசுவேன். கொழுந்தியாளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அத்தான் பிழைப்புக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒரு குழந்தையைக்கூட வழியில் தவறவிட்டதில்லை. ஒரே ஒரு முறை ஒரு ஆட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதுவாக வந்து வரிசையில் நின்றதாம், அவர் என்ன செய்வார்? ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டே வேலைகள். ஒன்று சாப்பிடுவது. இன்னொன்று காசைக் காட்டுவது.

அது 1888-ல் அடித்த இருபது டாலர் காசு. பழைய காசு சேர்ப்பவர்கள் பத்து டாலர் காசைக் கழுகு என்றும் இதை இரட்டைக் கழுகு என்றும் சொல்வார்கள். முன்பக்கம் ஒரு பெண்ணின் தலையும் அதன் கீழே வருஷமும் இருக்கும். பின்பக்கம் கழுகு. அந்தக் கழுகின் வாலுக்குக் கீழேதான் எந்தத் தங்கசாலையில் அடித்தது என்ற எழுத்து இருக்கும். சான்பிரான்சிஸ்கோ என்றால் எஸ். நியூ ஆர்லியன்ஸ் என்றால் ஓ. எங்கள் ஊர் என்றால் இரண்டு சி. பிலடெல்பியா என்றால் எதுவுமே இருக்காது. தலைமைத் தங்கசாலை அல்லவா, தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்த் தங்கசாலையில் அடித்தது கொஞ்சம்தான். அதனால் ஒரே வருஷம், ஒரே தங்கம், ஒரே எடையாக இருந்தாலும் வாலுக்குக் கீழே அந்த இரண்டு எழுத்து இருந்துவிட்டால் மதிப்பு எங்கேயோ போய்விடும்.

அத்தானுடைய காசின் பின்பக்கத்தை உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை. பக்கிளுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து மூடிப் பற்றவைத்திருந்தது. அவருடைய தாத்தா காலத்தில், தங்கக் காசு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோதுகூட அது கழன்று வரவில்லை. "இது காசு இல்ல, என் கால்சட்டையில ஒரு பாகம். வேணும்னா கால்சட்டையோட சேத்து எடுத்துக்குங்க" என்று சொல்லி கிழவர் அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாராம். வங்கியில் அப்போது பெண்களும் இருந்ததால் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாத்தா சாகும்போது பெல்ட்டைப் பேரன் கையில் கொடுத்து, "பின்னாடி நம்ம ஊர்ப் பேர் இருக்குடா" என்று சொன்னார். அத்தான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தில், கருமாதியில், பெட்ரோல் பங்கில், பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதுகூட, "இது கார்சன் காசு, தெரியுமில்ல?" என்பார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஊர்த் தங்கசாலையை எண்பத்தைந்தில் பூட்டினார்கள், எண்பத்தொன்பதில்தான் மறுபடி திறந்தார்கள். எண்பத்தெட்டில் அங்கே எலிதான் இருந்தது. ஆகவே அத்தானுடைய காசைக் கழற்றவே வேண்டாம், முன்பக்கத்து வருஷத்தைப் பார்த்தாலே போதும், அது இந்த ஊர்க் காசு இல்லை. இது எங்கள் ஊர்க் காசுச் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கே தெரியும். நான் அவர்களுக்குச் சோறு போடுகிறவள்தான், ஆனாலும் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்துபோயிருக்கிறது.

பிறகு ஏன் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை? சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காசு வைத்திருப்பவரே கேட்டால் ஒழிய, அவர் காசைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. ஆரம்ப காலத்தில் ஒருவர் முந்திரிக்கொட்டைபோல முந்திக்கொண்டு ஒரு அம்மாளிடம், "இது போலிக் காசும்மா" என்று சொல்லப்போய், அந்த அம்மாள் சூப்புக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த வழக்கம். அத்தான் யாரையும் கேட்டதே இல்லை. அவராகச் சொல்வார், மற்றவர்கள் "ஆமாம்பா" என்று தலையாட்டிவிட்டு ரொட்டியைப் பிய்ப்பார்கள்.

இப்படியே போயிருக்கும். அக்டோபர் ஊர்வலம் வந்து கெடுத்தது.

எங்கள் மாநிலத்தின் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் பெரிய தெருவில் ஊர்வலம் போகும். அதில் குதிரைப் படை போகும். குதிரைகளுக்குப் பின்னால், களைத்துப்போன பாண்டு வாத்தியப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளப் பள்ளிக்கூட பஸ் போகும். அதாவது அத்தான், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு ஊர்வலத்தையும் குதிரைகளின் பின்பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார். அதோடு குதிரைகள் விட்டுச்சென்றதன் மேல் பஸ்ஸை ஏற்றியும் இருக்கிறார். "ஒரே ஒரு தடவை அதுங்களுக்கு முன்னாடி போயிட்டேன்னா போதும், மைத்தே. அப்புறம் கடவுள் கூப்பிட்டா உடனே கிளம்பிடுவேன்" என்று என்னிடம் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவர் கண் சிரிக்காது.

போன வருஷம் காசுச் சங்கத்துக்கு ஐம்பது வயது. அதற்காக ஊர்வலத்தில் குதிரைகளுக்கு முன்னால் ஒரு இடம் கொடுத்தார்கள். கொடியை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது சங்கத் தலைவர் பர்டெட், "கார்சன் காசை இடுப்புல கட்டிக்கிட்டு அலையற ஆளு ஒருத்தன்தான் இருக்கான், அவனே பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பர்டெட் இரும்புக்கடை வைத்திருப்பவர், அத்தானோடு ஒன்றாகப் படித்தவர். அத்தான் அன்று ராத்திரி முழுக்க வீட்டு வராந்தாவில் துடைப்பத்தைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியதாக அக்கா சொன்னாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டாலிவர் டாக்டர் சங்கத்தில் சேர்ந்தார். புதிதாக ஊருக்கு வந்த பல் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் பல் டாக்டர். எங்கே ஓட்டை என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அவரிடம் 1891-ல் எங்கள் ஊரில் அடித்த ஐந்து டாலர் காசு ஒன்று இருந்தது. அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரை வைத்து அடைத்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவார்.

"இது அரைக் கழுகு" என்று அக்காவிடம் காட்டினார்.

"அய்யோ பாவம், அது எப்படி டாக்டர் பறக்கும்?" என்றாள் அக்கா.

ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் சங்கத்தின் விருந்து, என் கடையில். நீள மேசை, பெரிய பீங்கான் தொட்டி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு, பீன்ஸ், ரொட்டி, கழுத்து நீண்ட குடுவையில் சிவப்பு ஒயின். அத்தான் மூன்றாவது தட்டில் இருந்தார். டாலிவர் தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு அவர் இடுப்புப் பக்கம் குனிந்தார்.

"ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தெட்டு. ஆனா மிஸ்டர் இரிபார்னே, எண்பத்தெட்டுல..." என்று தொடங்கி, "ஆ!" என்று முடித்தார். மேசைக்கு அடியில் பர்டெட் உதைத்திருந்தார்.

"எண்பத்தெட்டுல நல்ல மழை" என்றார் பர்டெட்.

"இல்ல, நான் சொல்ல வந்தது... ஆ! யாரு அது?"

அது நான். பரிமாறிக்கொண்டிருந்ததால் நின்றபடியே உதைக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது.

டாலிவர் காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "நான் புதுசா வந்தவன்தான், ஒத்துக்கறேன். ஆனா ஊர்வலத்துல கார்சன் காசுன்னு சொல்லிக் கொடி பிடிக்கறவர், நிஜமான கார்சன் காசு வச்சிருக்கணுமா வேணாமா? அந்தத் தகட்டை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பார்த்துட்டா முடிஞ்சுபோச்சு. இருந்தா அவர் பிடிக்கட்டும். இல்லேன்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

அத்தானுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் முதலில் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வார். மூன்று தட்டுக் குழம்பு உள்ளே இருக்கும்போது அதைச் செய்திருக்கக்கூடாது. எழுந்தார், மூச்சை இழுத்தார், படாரென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்து, தகடு ஒரு பக்கம் பறந்தது. காசு மேசைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, நேராகக் குழம்புத் தொட்டிக்குள் பொதக்கென்று விழுந்தது.

முதலில் அசைந்தவள் அக்காதான். அவள் எதையும் அழுக்காக விடமாட்டாள். கரண்டியால் காசை அள்ளி, மேலங்கிப் பையில் எப்போதும் இருக்கும் கம்பிநாரை எடுத்தாள்.

"தேய்க்காதே!"

மொத்த மேசையும் ஒரே குரலில் அலறியது. பர்டெட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். டாலிவர் மேசை மேலேயே ஏறிவிட்டார். பழைய காசைத் தேய்ப்பது என்றால் இந்தக் கூட்டத்துக்குப் பச்சைக் கொலை. ஒரு முறை தேய்த்தால் போச்சு, அதன் மதிப்பில் பாதி அந்தக் கம்பிநாரோடு போய்விடும்.

"விளிம்பைப் பிடி, கிராசி, விளிம்பை மட்டும் பிடி!"

"கொழுப்பு ஒட்டியிருக்குய்யா!"

"இருந்துட்டுப் போகட்டும்!"

"உங்க எல்லார் மூஞ்சியிலயும்தான் ஒட்டியிருக்கு. அதையாவது தேய்க்கலாமா?"

கடைசியில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் காசை உள்ளே மெல்ல விட்டார்கள். யாரும் தொடவில்லை. மேலே பெண்ணின் தலை தெரிந்தது. ஆட்டுக் கொழுப்பு மெதுவாகப் பிரிந்து மிதந்து வந்தது. திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஆனால் ஒருவருக்கும் கை வரவில்லை.

"முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு. போதும், துடைக்காம அப்படியே துணியில சுத்திக் குடுத்துடலாம்" என்றார் பர்டெட். அவர் குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டிருக்கும்.

அத்தான் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெல்ட் இல்லாத அத்தானை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். கதவு கழன்ற வீடுபோல இருந்தார். அந்த டாக்டரை இன்னும் நாலு உதை உதைக்க வேண்டும்போல இருந்தது.

"எண்பத்தெட்டுல தங்கசாலை பூட்டிக் கெடந்துச்சு" என்றார் அத்தான்.

எல்லாரும் தட்டைப் பார்த்தோம்.

"பஸ்ல வர்ற வாண்டுகளுக்கே தெரியும். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான் தலையாட்டறவனையெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். டேய் பர்டெட், நீ தலையாட்டினா காது செவக்கும்டா, சின்ன வயசுலேர்ந்து."

பர்டெட்டின் காது அப்போதும் சிவந்தது. "அப்புறம் ஏண்டா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"எங்க தாத்தா பின்னாடி நம்ம ஊர்ப் பேர் இருக்குன்னு சொன்னாரு. அவரு குடிப்பாரு, சண்டை போடுவாரு, சீட்டுல திருட்டாட்டம் ஆடுவாரு. ஆனா என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. ஒண்ணு காசுமேல போட்டிருக்கற வருஷம் பொய், இல்லேன்னா தாத்தா பொய். நான் தாத்தா பக்கம் நின்னேன்." கால்சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார். "திருப்பிப் பாத்து அந்த எழுத்து இல்லேன்னா அவரு இன்னொரு தடவை செத்துடுவாரு. அதான் பாக்கல. பயம்தான், வேற என்ன."

அக்கா கம்பிநாரைப் பைக்குள் வைத்துவிட்டாள். டாலிவர் மேசையிலிருந்து இறங்கினார். "வேணாம் மிஸ்டர் இரிபார்னே. நான் கேட்டது தப்பு. திருப்ப வேணாம்" என்றார். அந்த நேரத்தில் அந்த மனிதரையும் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"கேட்டாச்சுல்ல" என்றார் அத்தான். கால்சட்டையை அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்துக் காசைத் தூக்கினார். திருப்பினார்.

கழுகு இல்லை. வாலும் இல்லை, வாலுக்குக் கீழே எழுத்தும் இல்லை. பின்பக்கம் முழுக்க மழமழவென்று இழைத்திருந்தது.

"யாரோ... யாரோ இதை இழைச்சிருக்காங்க!" என்றார் டாலிவர், பிணத்தைக் கண்டவர்போல. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "ஏதோ செதுக்கியிருக்கு. என்ன பாஷைன்னு தெரியலையே."

எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு பாஷை, கடல்தாண்டி ஒரு மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்த எங்கள் பாஸ்க்கு ஜனங்களின் பாஷை. எங்கள் அம்மா தினமும் சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. வாய்விட்டுப் படித்தேன். "அஸ்கி தா, மார்ட்டின். ஜோசெபா."

"அப்படின்னா?" என்றார் டாலிவர்.

"போதும், மார்ட்டின்" என்றேன். "சாப்பிட்டது போதும், எந்திரின்னு அர்த்தம்."

மார்ட்டின் அத்தானுடைய கொள்ளுத்தாத்தா. ஜோசெபா அவர் பெண்டாட்டி. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்தப் புண்ணியவதி காசின் முதுகை இழைக்கவைத்து, அதில் செதுக்கவைத்து, சொல்ல வேண்டியதை நேராக வயிற்றிடமே சொல்லிவிட்டாள். நாலு தலைமுறையாக அது தொப்புளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு தொப்புளும் கேட்கவில்லை.

அக்கா முதலில் சிரித்தாள். சிரித்ததில் கால்சட்டையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மேசையில் சிரிக்காதவர்கள் இல்லை. அத்தான்கூட ஒரு நிமிஷம் சிரித்தார். பிறகு காசைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

"ஊர்ப் பேர் இல்லையே" என்றார்.

"இருங்க" என்றார் டாலிவர். கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பல் டாக்டர் கண் சும்மா இல்லை. "அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. செதுக்கின கடிகாரக்காரன் பேர். அதுக்குப் பக்கத்துல..." நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார். "கார்சன் சிட்டி. முழுசா எழுதியிருக்கான்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தாத்தா" என்றார், அவ்வளவுதான். ரொட்டி மூடியிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் முகத்தைத் தேய்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"உங்ககிட்ட ரெண்டு எழுத்துதானே டாக்டர் இருக்கு?" என்றார் பர்டெட். "எங்க ஆளுகிட்ட முழுப் பேரும் இருக்கு."

"ஒத்துக்கறேன்" என்றார் டாலிவர். "ஆனா வழக்கப்படி கேக்காம சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்லிடறேன். காசு சேக்கறவங்க கணக்குல இதுக்கு இனிமே உருக்கின தங்கத்தோட மதிப்புதான்."

"உங்களை உருக்கினா அதுவும் தேறாது. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

ஊர்வலத்தன்று அத்தான் புது பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். பர்டெட் பக்கிளைச் சரிசெய்திருந்தார். அத்தான் சொன்னபடி காசைத் திருப்பிப் பதித்திருந்தார், எழுத்து வெளியே தெரியும்படி. பெண்ணின் தலை இப்போது உள்ளே அவர் தொப்புளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்காக நான் வருந்தினேன். அத்தான் கையில் கொடி. பின்னால் சங்கம், டாலிவர் தன் பிளாஸ்டிக் பெட்டியோடு. அதற்கும் பின்னால் குதிரைகள்.

குதிரைகளுக்கு முன்னால்! அக்காவும் நானும் கடை வாசலில் நின்று கத்தினோம்.

ஆனால் பேச்சு ஊருக்குள் ஏற்கனவே பரவிவிட்டது. ஓரத்தில் நின்ற ஒவ்வொருவரும், "வெர்னன், அந்தக் காசைக் காட்டு!" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அத்தான் நிற்காமல் போவாரா? ஒவ்வொருவரிடமும் போய் வயிற்றை நீட்டினார், படிக்கவைத்தார், அர்த்தம் சொன்னார், தாத்தா கதையைச் சொன்னார். சங்கம் அவரைத் தாண்டிப் போயிற்று. டாலிவர் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார், அத்தான் காதில் விழவில்லை. குதிரைகளும் தாண்டிப் போயின. அவர் அதற்குள் பள்ளிக்கூட பஸ் கதைக்கு வந்திருந்தார்.

தெருவின் கோடியில் பார்த்தபோது, கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிரைகளுக்குப் பின்னால், பஸ்ஸுக்கு முன்னால், அவை விட்டுச்சென்ற எல்லாவற்றின் மேலும் மிதித்தபடி, ராஜா மாதிரி வந்துகொண்டிருந்தார். எங்கே நடக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யாருக்கும் அதைச் சொல்ல மனசு வரவில்லை. அவராகக் கேட்கவும் இல்லை.

மத்தியானம் என் கடைக்கு வந்து உட்கார்ந்து இரண்டாவது தட்டுக்குக் கையை நீட்டினார். நான் கரண்டியை அப்படியே நிறுத்தி அவர் பக்கிளைப் பார்த்தேன்.

"மைத்தே, அது கொள்ளுத்தாத்தாவுக்குச் சொன்னதும்மா."

"வயிறும் அவரோடதுதான் அத்தான்."

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பூட்ஸைக் கம்பிநாரால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தவள் கண் அவர் இடுப்புக்குப் போனது. அத்தான் சட்டென்று இரண்டு கையாலும் காசைப் பொத்திக்கொண்டார்.